குருசுமலையில் 2022 பெரிய வெள்ளி

என் மூத்த மகன் உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யாவின் குண்டு விழத் தொடங்கியதிலிருந்து மெட்ரோ ரயில் நிலையத்துக்குள்தான் படுக்கை. மார்ச் 1 அன்று கர்நாடகத்துப் பிள்ளை ஒருவன் அதே ஊரில் ஷெல் அடியில் செத்துப்போனான் என்று டிவியில் வந்தது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டேன். "ஆண்டவரே, அவனைக் கொண்டு சேர்த்துவிடும். பெரிய வெள்ளிக்கு அவன் தோளிலேயே குருசைத் தந்து உம்முடைய மலைக்குக் கூட்டி வருகிறேன்."

மறுநாள் நம் தூதரகம், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது கார்கிவை விட்டு வெளியேறுங்கள் என்று சொன்னது. பனியில் பெசோசின் வரை 11 கிலோமீட்டர் நடந்தான். பிறகு ரயில், லிவிவ், போலந்து எல்லை, விமானம். வீட்டு வாசலில் அவனைப் பார்த்தபோது எனக்கு அழக்கூட வரவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

பெரிய வியாழன் இரவு திருச்சடங்கு முடிந்ததும், கன்னியாகுமரி மாவட்டத்து எங்கள் அருமனையிலிருந்து, கேரள எல்லையோரம் இருக்கிற குருசுமலைக்கு, அதாவது சிலுவை மலைக்குக் கிளம்பினோம். கொரோனாவால் முடங்கிக் கிடந்த இரண்டு வருடக் கூட்டமும் அன்று ஒரே இரவில் வந்ததுபோல் இருந்தது. பனச்சமூட்டில் ஆட்டோக்காரர் ஒருவர் வழக்கமான கூலியைப்போல மூன்று மடங்கு கேட்டார். பாதி வழியில் இறக்கிவிட்டு, பாக்கி தூரத்துக்கு வேறு கூலியாம். ஒருசந்தி நோன்பு இருந்து, கையில் ஜெபமாலையோடு வருகிறவர்களிடம் இப்படிப் பறிக்க எப்படி மனசு வருகிறதோ! அடிவாரத்தில் மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் ஒரு அருள்நிறைந்த மரியே கூட நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை.

மலையேறத் தொடங்கியதும் அதெல்லாம் மறந்துபோயிற்று. பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்த நிலா. அவன் தோளில் இருந்த குருசு, என் வீட்டுக்காரர் ரப்பர் கம்பு இரண்டை வெட்டிக் கயிற்றால் கட்டிக்கொடுத்தது. பால் கசிந்து காய்ந்து அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டது. இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் நின்று நினைக்கிற ஜெபம்தான் சிலுவைப்பாதை; முன்னால் ஒரு கூட்டம் அதை மலையாளத்தில் சொல்ல, பின்னால் நாங்கள் "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று தமிழில் சொல்ல, இரண்டும் கலந்தே ஏறினோம்.

மேலே ஏற ஏற எனக்கு என் அப்பா சொன்னதுதான் நினைவு. 1954 ஆகஸ்ட் 11 அன்று, அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரிந்தது. அதற்கு அடுத்த வருடமே, 1957-ல், அந்த எல்லையோரத்தில் இந்தக் குருசுமலைத் திருப்பயணம் தொடங்கியிருக்கிறது. இரத்தம் சிந்திப் பிரித்த இடத்தில் இரண்டு பாஷைக்காரர்களையும் ஆண்டவர் ஒரே பாதையில் ஏற வைத்தார். இன்று நமக்கு எல்லை என்றால் பனச்சமூட்டில் ஒரு ரோடு, அவ்வளவுதான். என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது கேரளத்து வெள்ளறடையில். காலையில் போய் மாலையில் வருகிறேன்.

பதின்மூன்றாம் நிலையில் நிற்கும்போது விடிந்துகொண்டு வந்தது. அன்றைக்கு மலையாளிகளின் விஷுப் பண்டிகையும்கூட. அடிவாரத்தில் எங்கோ படபடவென்று படக்கம் வெடித்தது. என் மகன் குருசோடு அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். உடம்பெல்லாம் நடுக்கம். நான் கட்டிப்பிடித்தும் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற மலையாளத்து அம்மச்சி ஒருவர் குனிந்து அவன் முதுகைத் தடவி, "பேடிக்கண்டா மோனே, விஷுவல்லே" என்றார். பயப்படாதே மகனே, விஷு அல்லவா என்று அர்த்தம். அவனுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தன் கவணியால் அவன் முகத்தைத் துடைத்தார். பிறகு குருசின் அடிக்கம்பைத் தன் தோளில் தூக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான்: "அம்மா, மெட்ரோவில் ஒரு பாட்டி எனக்குக் கம்பளியும் பாதி ரொட்டியும் தந்தாங்க. அவங்க தங்கச்சி பெல்கொரோதில், ரஷ்யாவில் இருக்காங்க. நம்ம சித்தி வீடு மாதிரிதான், போக வர இருந்தாங்களாம். அந்தப் பாட்டி இப்பவும் அங்கதாம்மா இருப்பாங்க."

உச்சிக் குருசின் அடியில் அந்த இரண்டு பேருக்காகவும் முழங்கால் போட்டோம். என் பிள்ளைக்காக நேர்ந்த நேர்ச்சையை அவன் அவர்களுக்காகத்தான் முடித்தான். "அமைதியை உங்களுக்கு விட்டுச் செல்கிறேன்" என்று நம் ஆண்டவர் சொன்னது, மறுநாள் சிலுவையில் சாகப்போகிற இரவில் அல்லவா! ஊரெல்லாம் நன்றாக இருந்த காலத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. அதனால்தான் நம்புகிறேன்.

சனிக்கிழமை, சித்ரா பௌர்ணமிப் பொங்கலுக்காகக் காளிமலைக்குப் போகிற பெண்கள் எங்கள் ரோடு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரிசி இடித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, மகன் போனில் ஒன்றைக் காட்டினான். அதே பெரிய வெள்ளி இரவு, ரோமில் கொலோசியத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் முன்னிலையில் நடந்த சிலுவைப்பாதை. பதின்மூன்றாம் நிலையில் உக்ரைன் பெண் ஒருவரும் ரஷ்யப் பெண் ஒருவரும் சேர்ந்து ஒரே சிலுவையைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் தோழிகளாம். அவர்களைச் சேர்த்து நிறுத்தக்கூடாது என்று எதிர்ப்பும் வந்திருக்கிறது. அவர்கள் வலி அவர்களுக்கு, நாம் என்ன சொல்ல. அந்த நிலைக்கு எழுதியிருந்த சிந்தனையை வாசிக்காமல், உலக அமைதிக்காக மௌனமாக ஜெபிக்கச் சொன்னார்கள். பதின்மூன்றாம் நிலை! என் மகனை அந்த அம்மச்சி தூக்கிவிட்ட அதே நிலை. ஆண்டவரே, உமக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்!

இதை எழுதும்போதும் போர் முடியவில்லை. பாட்டியின் பெயர் அவனுக்குத் தெரியாது, 'பாபுஷ்கா' என்றுதான் கூப்பிட்டானாம். வாசிக்கிறவர்கள் இன்றிரவு அந்தப் பாட்டிக்கும் பெல்கொரோதில் இருக்கிற தங்கைக்கும் சேர்த்து ஒரு பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே சொல்லுங்கள்.