ஹெலிகாப்டரில் கேமரா: பாதி வேலை அதிர்வோடுதான்

ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டரை ஓரளவு நிலையாக நிறுத்தத் தெரிந்துவிட்டால் அடுத்து வரும் ஆசை, அடியில் ஒரு கேமராவைக் கட்டி மேலேயிருந்து படம் எடுப்பது. நாலு ரோட்டார் ட்ரோன் என்றால் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எடுத்துவிடலாம். ஒற்றை ரோட்டாரில் அது நடக்காது. பறக்கவிடுவதைவிட அதிர்வைத் துரத்துவதில்தான் எனக்கு அதிக நேரம் போனது.

என்னுடையது 600 ரகம், அதாவது ஒவ்வொரு பிளேடும் 600 மி.மீ. நீளம். வித்தை காட்டப் பறக்கவிடுபவர்கள் இதை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டுவார்கள். படம் எடுக்க அவ்வளவு வேண்டாம் என்று ரோட்டார் வேகத்தை மாறாமல் பிடித்துவைக்கும் கவர்னரை 1,500-ல் வைத்தேன். சத்தம் குறைந்தது, பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் இந்த வேகத்திலும் பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 380 கி.மீ. வேகத்தில் போகிறது. கீழே ஆட்கள் நிற்கும் இடத்துக்கு மேலே கொண்டுபோகிற பேச்சே கிடையாது.

எடையைச் சமன்செய்வது எளிதாகவே முடிந்தது. மூக்குக்கு அடியில் கேமரா வந்ததும் ஹெலிகாப்டர் முன்பக்கம் சாய்ந்தது. ரோட்டார் தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் குழாய் தரைக்கு இணையாக நிற்கும்வரை பேட்டரியைப் பின்னால் நகர்த்தினேன். இறங்கும்போது லென்ஸ் தரையில் இடிக்காமலிருக்க உயரமான கால்கள் போட்டேன். அவ்வளவுதான்.

அப்புறம் அதிர்வு. நிமிடத்துக்கு 1,500 என்றால் நொடிக்கு 25 சுற்று. வால் ரோட்டார் அதைப்போல் நாலரை மடங்கு வேகம், நொடிக்கு 110-க்கும் மேல். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சிமாஸ் (CMOS) சென்சார் பெரும்பாலும் காட்சியை ஒரே கணத்தில் மொத்தமாக வாங்குவதில்லை, வரிவரியாகத்தான் வாங்குகிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கேமரா அசைந்தால் நேரான சுவரும் வீடியோவில் தட்டில் வைத்த ஜெல்லி மாதிரி ஆடும்.

இதற்கு எல்லாரும் முதலில் சொல்லும் வைத்தியம் ரப்பர். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரப்பர் தாங்கிக்கும் அதில் தொங்கும் கேமராவுக்கும் சேர்த்து ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. வரும் அதிர்வு அந்த வேகத்தைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதைக் குறைக்கும். இரண்டும் அருகருகே வந்துவிட்டால் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். கேமரா லேசாகவும் ரப்பர் விறைப்பாகவும் இருந்தால் அந்த இயல்பு வேகம் சரியாக 25-க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மிருதுவான ரப்பருக்கு மாறி, கேமராத் தட்டில் கொஞ்சம் எடையும் சேர்த்தேன். ஒவ்வொரு கிராமாகக் குறைக்க அலைந்துவிட்டு, கடைசியில் வேண்டுமென்றே எடை ஏற்றுவது வேடிக்கைதான். ஆனால் பலன் தெரிந்தது.

உண்மையான மருந்து அதிர்வு பிறக்கும் இடத்தில்தான். பெரிய பிளேடு, வால் பிளேடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மோட்டாரை மட்டும் ஓட்டி வால் துடுப்பின் விளிம்பைப் பார்த்தேன். விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் மோட்டார், கியர், மெயின் ஷாஃப்ட் எல்லாம் சரி. அடுத்து வால் பிளேடுகளை மட்டும் மாட்டி ஓட்டியபோது விளிம்பு மங்கியது. எடை குறைவாக இருந்த ஒன்றில் சிறு துண்டு டேப் ஒட்டியதும் தெளிந்தது. பெரிய பிளேடுகளுக்கு மொத்த எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. எடை மையமும் வேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதையும் சரிபார்த்து, ஒரு நுனியில் சிவப்பு டேப் சுற்றி, தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு நுனிகளும் ஒரே தளத்தில் சுற்றவில்லை. உயரமாகப் போன பிளேடின் லிங்க்கை, அதாவது அதன் சாய்வை மாற்றும் சிறு கம்பியை, அரைச் சுற்று திருப்பியதில் சேர்ந்துகொண்டன. இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் நடுக்கம் மிச்சமிருந்தது. பிளேடுகளைத் தாங்கும் ஸ்பிண்டிலைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் உருட்டியபோதுதான் அது லேசாக வளைந்திருப்பது தெரிந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாத வளைவு. புதியது போட்டதும் படம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஓட்டுவதில் கடினமானது மூக்கு நம்மைப் பார்த்து நிற்கும் நிலை. இடதும் வலதும், முன்னும் பின்னும் மாறிவிடும். விரல்களுக்கு அது தானாக வரும்வரை சிமுலேட்டரே கதி. திரையில் வரும் நேரலைக் காட்சியை நான் பார்ப்பதே இல்லை. அதை உடனிருக்கும் ஒருவர் பார்த்து "கொஞ்சம் இடது" என்று சொல்வார். என் கண் ஹெலிகாப்டரை விட்டு நகராது.

1888-ல் பட்டத்தில் கேமராவைக் கட்டிய பிரெஞ்சுக்காரர் ஆர்தர் பட்யூ, மெதுவாக எரியும் திரியை வைத்து ஷட்டரை இயக்கினார். எனக்கு டைமர் இருக்கிறது, இரண்டு நொடிக்கு ஒரு படம். ஷட்டர் 1/1000 நொடியைவிட மெதுவாகாமல், அகன்ற லென்ஸோடு எடுக்கிறேன். திரும்ப வரும்போது நேர் கீழே வேகமாக இறக்குவதில்லை. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ரோட்டார் விழுந்தால் தூக்கு விசை போய்விடும். கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டே சரிவாக இறக்குகிறேன். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே தரையில் இருக்க வேண்டும் என்பதும் என் கணக்கு.

நீளமான லென்ஸ் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. பக்கக் காற்றில் வால் லேசாக ஆடினாலே படத்தில் பெரிதாகத் தெரிகிறது. வால் திரும்பாமல் பிடித்துவைக்கும் ஜைரோவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாயிற்று. அடுத்து வால் பெல்ட்டின் இறுக்கத்தில் கை வைக்கப்போகிறேன்.