விலைக்கு வந்த வீடுகள்: ஒரு சேலத்து நாட்குறிப்பு

2025 ஜனவரி 19, ஞாயிறு. செவ்வாய்ப்பேட்டை

கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் என் அக்கா மகன் சேலத்துக்கே திரும்பிவிடத் தீர்மானித்து, அடுக்குமாடிக் குடியிருப்பு எதையும் தேடாமல், பழைய வீடொன்றை வாங்கிச் செப்பனிட்டுக் குடியேற விரும்புகிறான். நான் கட்டட வரைபடங்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால் என்னையும் உடன் வரச் சொன்னான், அழைக்காவிட்டாலும் போயிருப்பேன். விற்பனைக்கு வந்த வீட்டில்தான் முன்பின் அறியாத ஒருவன் சமையற்கட்டு வரை சென்று, விட்டத்தை அண்ணாந்து பார்த்து, சுவரைத் தட்டிக்கூடப் பார்க்க முடிகிறது.

இன்று பார்த்தது லீ பஜாருக்கு அருகில், தானிய வணிகர் குடும்பம் ஒன்றின் தொட்டிக்கட்டு வீடு. தரகர் அனுப்பியிருந்த படங்களில் முற்றத்தைச் சுற்றி நின்ற தேக்குத் தூண்கள் வெகு அழகாக இருந்தன. நேரில் போனபோதுதான் படத்தில் வராத நான்காவது பக்கம் தெரிந்தது. அங்கே தூண்களை எப்போதோ விற்றுவிட்டு, அந்த இடத்தில் சிமெண்டுத் தூண்களை வார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கி இருந்த போதிகைகளைக் கழற்ற முடியாததால், வாழைப்பூ முனை தொங்கும் அந்த மரச்செதுக்கல்கள் மொட்டைச் சிமெண்டின் மீது உட்கார்ந்திருக்கின்றன. மீதித் தூண்களையும் நிலைக்கதவையும் தனியாக விற்றால் நல்ல பணம் வரும் என்று தரகர் எங்களுக்கு யோசனையும் சொன்னார். "கட்டடத்துக்கு விலையே இல்லைங்க சார், இடத்துக்குத்தாங்க விலை" என்றார். தூண் போனால் மரத்துக்கு விலை, வீடு போனால் மண்ணுக்கு விலை. நடுவில் வீடு என்ற ஒன்று யார் கணக்கிலும் வரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு. குகை

குகைப் பகுதியில் ஒரு வீடு. உள்ளே நுழைந்த வேகத்தில் வெளியே வந்தோம். பாகப்பிரிவினையின்போது முற்றத்தின் நட்டநடுவே சுவர் எழுப்பி, வெளிச்சத்தையும் இரண்டு பங்காகப் பிரித்திருக்கிறார்கள். மூலப்பத்திரமும் கைவசம் இல்லை. திண்ணை மட்டும் நன்றாக இருந்தது. சாய்ந்து உட்காருவதற்கென்று சுவரோரம் சரிவாகக் கட்டிய காரைத் திண்டில் முதுகை வைத்துச் சற்று நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு. கோட்டை

முதல் அக்கிரகாரத்துப் பக்கம், வழக்கறிஞர் ஒருவர் வாழ்ந்த வீடு. இராஜாஜி 1900 முதல் இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் நகராட்சித் தலைவரும் ஆனவர். அந்தக் காலத்துக் கோட்டைப் பகுதியில் கட்சிக்காரர்களை உட்கார வைக்க முன்னறை, குடும்பத்துக்குப் பின்கட்டு என்று பிரித்துக் கட்டிய வீடுகளுக்குத் தேவை இருந்திருக்கிறது. இது அந்த வகையைச் சேர்ந்தது.

தரகர் எங்களை நேராகப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று, ஓடொன்றைத் திருப்பி அதன் அடியில் இருந்த 1865 என்ற எண்ணைக் காட்டி, வீட்டுக்கு நூற்று அறுபது வயது என்றார். அது வீட்டின் வயதே அன்று. பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு 1865; அதன் பிறகு வார்த்த ஓடுகளிலும் அந்த எண்ணைப் பதித்துக்கொண்டே இருந்தார்கள். ஆண்டைவிட ஓட்டிலுள்ள பெயர்தான் அதிகம் பேசும். முதல் உலகப் போரின்போது ஆங்கில அரசு மிஷனின் தொழில்களைத் தன் வசப்படுத்த, பின்னர் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகவே பாசல் மிஷன் முத்திரை போருக்கு முந்தையது என்றும், காமன்வெல்த் முத்திரை பிந்தையது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். இந்தக் கூரையில் இரண்டும் கலந்திருக்கின்றன. உடைந்தவற்றை யாரோ பொறுப்பாக மாற்றி வந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அதிலிருந்து கிடைத்த நல்ல செய்தி.

முன்கட்டின் கூடத்தைத் தாங்குபவை இரும்பு உத்திரங்கள். அவற்றின் மேல் படிந்திருந்த பச்சை வண்ணத்தை மருமகன் சாவியால் சுரண்டியபோது டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து என்ற எழுத்துகள் புடைத்து வெளிவந்தன. டாட்டா ஆலையில் 1912இல்தான் எஃகு வடிக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் சில காலம் இங்கிலாந்து உத்திரம் கப்பலில் வந்து இரயிலேறிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டையும் உத்திரத்தையும் சேர்த்துப் பார்த்தால், 1920ஐ ஒட்டிக் கட்டியது என்று வீட்டுக்காரப் பெரியவர் சொல்வது பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது அந்த உத்திரங்களின் மேல் இருந்த தளத்தைப் பார்த்துத்தான். அது மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடி அளவு இடைவெளியில் தேக்குச் சட்டங்களை அடுக்கி, அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு படுகை. அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. மூலைவாட்டில் பதிப்பதால் ஒவ்வொரு வரிசையும் பக்கத்து வரிசையில் சாய்ந்து பற்றிக்கொள்கிறது. கீழே பலகை முட்டுக் கொடுக்காமலே கட்டி முடித்துவிடலாம். இந்தக் கனமும் பன்னிரண்டு அடிக்குக் குறையாத உயரமும் சேர்ந்துதான் சேலத்துச் சித்திரை வெயிலிலும் அந்தக் கூடத்தில் மனிதனை உட்கார வைக்கின்றன. இந்தத் தளத்தை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது; போனால் அது செங்கல் குப்பையாகத்தான் போகும். அதனால்தான் எந்த விற்பனை விளம்பரத்திலும் அதன் படம் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

ஜன்னல்களும் நன்று. ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள். கீழ்க் கதவுகளைச் சாத்தினால் தெருவின் கண் படாது, மேல் கதவுகள் வழியே காற்று வந்துகொண்டிருக்கும். இன்று ஒரே கண்ணாடியை இழுத்து மூடித் திரையும் போட்டுவிட்டு ஏசி வாங்குகிறோம்.

பிப்ரவரி 8, சனி. ஏற்காடு

வாங்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை. விலையும் எங்கள் கைக்கு எட்டாது. தோட்டக்காரர் பங்களா ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த பிறகு எழுந்த தோட்ட வாழ்க்கையின் மிச்சங்கள் இவை.

கீழே வெயிலுக்குக் கட்டினார்கள், மேலே குளிருக்கும் மழைக்கும் கட்டினார்கள் என்பது நுழைந்தவுடன் தெரிகிறது. முற்றம் இல்லை. அறைதோறும் கணப்பு, இரண்டு அறைகளின் கணப்புகள் முதுகோடு முதுகாக நின்று ஒரே புகைபோக்கியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுவர்கள் மலையிலேயே உடைத்த கருங்கல். வெயிலை உள்ளே வாங்குவதற்காக வெளியே பிதுங்கிக் கட்டிய ஜன்னல்களும், கூரை விளிம்பில் பூவேலை அறுத்த மரப்பலகையும் பார்க்க அழகு. அந்தப் பலகையின் பாதியை மழை தின்றுவிட்டது. கணப்புகளை அடைத்து உள்ளே தொலைக்காட்சியை வைத்திருந்ததுதான் மனத்துக்கு ஒப்பவில்லை.

பிப்ரவரி 15, சனி. அம்மாப்பேட்டை

எதிர்பாராமல் இன்றுதான் மிகவும் ரசித்தேன். செதுக்கல் வேலை எதுவும் இல்லாத நெசவாளர் வீடு. அகலம் சிறிது, நீளம் பெரிது. முன்கூடத்துத் தரையில் ஓரிடம் மட்டும் நிறம் மாறியிருந்தது: குழித்தறி இருந்த பள்ளத்தை மூடியிருக்கிறார்கள். அதற்கு நேர் மேலே, ஓடுகளுக்கு இடையில் கண்ணாடி ஓடுகள். இழை அறுந்தால் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் சரியாக வெளிச்சம் விழுகிறது. தெருவும்கூட இந்தத் தொழிலுக்கு உதவியது. பாவு நூலை நீட்டிக் கட்டுவதற்கு நேரான, நீண்ட வெளி வேண்டும். பழைய கட்டட நயம் என்றால் தேக்கையும் வண்ணக் கண்ணாடியையும் மட்டும் பட்டியலிடுகிறவர்கள் இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவார்கள். மருமகனுக்கு இடம் போதாது. இல்லாவிட்டால் இதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு. கோட்டை

அனுபவமுள்ள தச்சர் ஒருவரையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வழக்கறிஞர் வீட்டை மறுபடியும் பார்த்தோம். மெட்ராஸ் டெரஸின் உயிர் சுவருக்குள் புதைந்திருக்கும் சட்ட முனைகளில் இருக்கிறது. ஈரம் ஏறுவதும் கரையான் நுழைவதும் அங்கேதான். தச்சர் ஒவ்வொரு முனையையும் சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்டார். மாடித் தண்ணீர் இறங்கும் மூலையில் மட்டும் சில சட்டங்கள் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கின்றன. ஒழுகலை நிறுத்த மேலே கான்கிரீட் போடாமல் விட்டது இவர்கள் செய்த பெரிய புண்ணியம். அந்தச் சுமைதான் பல தளங்களை வளைத்திருக்கிறது. கூடத்துச் சுவரின் அடியில் மட்டும் சிமெண்டுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சும் ஈரம் அதன் வழியே வெளியேற முடியாமல் மேலே ஏறி, உப்புப் பூத்து நிற்கிறது. அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பே பூச வேண்டும் என்றார் கொத்தனார்.

மார்ச் 1, சனி

பேச்சுவார்த்தை. இடத்தின் விலைக்கே தருவதற்கு வீட்டுக்காரப் பெரியவர் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: கஜலட்சுமி செதுக்கிய நிலைவாசலும் கதவும் பெங்களூரில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். மருமகன் முகம் வாடிவிட்டது. "மாமா, அதுதானே இந்த வீட்டுக்கே லட்சணம்?" என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டான். கொடுத்துவிடு என்றேன். கதவு போனால் வேறு கதவு வரும். தளத்தின் சட்டங்கள், நான்கு கதவு ஜன்னல்கள், போதிகைகள் ஆகியவற்றில் எதையும் எடுக்கக் கூடாது என்று மட்டும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதச் சொன்னேன். பத்திர எழுத்தர் இப்படி ஒரு பட்டியலை எழுதியதே இல்லை என்றார். பெரியவர் படித்துப் பார்த்துவிட்டு, சமையற்கட்டு மாடக்குழிகளை விட்டுவிட்டீர்கள் என்று தாமே சேர்த்து எழுத வைத்தார்.