மலையிலிருந்து ஒரு ரகசியப் பார்சல்

திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பார்சலைத் தபாலில் மாற்றிக்கொள்வது, நுவரெலியா, பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கும் நன்றாகவே ஒத்துவரும். அங்கே பனங்கட்டியும் முந்திரிப் பருப்பும் சாதாரணம், இங்கே தேயிலையும் மிளகும் சாதாரணம். ஆனால் ரகசியம் பெட்டிக்குள் இருக்கும் சாமானோடு நின்றுவிட வேண்டும். செலவு, எடை, தபாலில் சேர்க்கும் கடைசி நாள், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். சாமானுக்கு 2,500 ரூபாய், தபால் செலவு தனி, மொத்த எடை ஒரு கிலோவுக்குள் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மனக்குறை வராது.

யார் யாருக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னால் சிலருக்குத் தன் பெயரே வந்துவிடும். பெயர்களைக் குலுக்கி, வந்த வரிசையில் வட்டமாக எழுதுங்கள். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்த பெயருக்கு அனுப்பட்டும். வட்டத்தை நடத்துகிறவரிடம் மட்டும் முழுப் பட்டியலும் இருந்தால் போதும்.

மலையகத்தில் பார்சல் தொலைவது பெரும்பாலும் விலாசத்தில்தான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசமே கிடையாது. தபால் தோட்டத்து ஆபிசுக்குப் போய், அங்கிருந்து ஆள் மூலம் இறங்கி வரும். ஒரே தோட்டத்தில் மூன்று செல்வராணி இருப்பார்கள். அதனால் பெயரோடு தகப்பன் பெயர், லயத்து இலக்கம், மேல் பிரிவா கீழ் பிரிவா என்பது, தோட்டத்தின் பெயர், தபாலகம், தபால் குறியீடு, கைபேசி எண் எல்லாம் வேண்டும். ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பண்டாரவளைக்கு 90100. தமிழில் எழுதி, கீழேயே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பார்சல் போகும் வழியில் அதை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் தமிழ் வாசிக்க வராது. ஜெல் பேனா வேண்டாம், மூடுபனியின் ஈரத்திலேயே மை பரவிவிடும். பால்பாயின்ட் பேனாவால் எழுதி, மேலே அகலமான செலோடேப் ஒட்டுங்கள். அதே விலாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். டவுனில் நம்பிக்கையான கடை இருந்தால், கேட்டுவிட்டு அந்த விலாசத்தைக் கொடுப்பது இன்னும் நல்லது.

தேயிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் பக்கத்துப் பார்சலின் உயிர் அதுதான். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் விடாமல் இழுக்கும். சாதாரண பொலித்தீன் பையில் கட்டிய தேயிலைக்குப் பக்கத்தில் சந்தன சோப்போ ஏலக்காயோ இருந்தால், யாழ்ப்பாணம் போய்ச் சேரும்போது கோப்பையில் அந்த வாசனைதான் வரும். உள்ளே அலுமினியம் படிந்த பை வாங்குங்கள். நிரப்பியதும் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாய்ப்பக்கம் ஒரு தாள் வைத்து, நடுத்தரச் சூட்டில் இருக்கும் அயர்ன் பெட்டியால் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு அழுத்துங்கள். ஆறியதும் பையை உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள், காற்று கசிந்தால் இன்னொரு கோடு போடுங்கள். ஓ.பி. போன்ற நீட்டு இலைத் தரம், அதே எடைக்கு, சிறிதாக நொறுங்கிய பி.ஓ.பி.எஃப். தரத்தைவிட நிறைய இடம் பிடிக்கும், பையை அதற்கேற்ப எடுங்கள்.

யாருக்கு எது என்பதும் முக்கியம். பால் தேநீர் குடிக்கும் வீட்டுக்கு நுவரெலியாவின் மெல்லிய தேயிலை வீண், பாலில் அதன் வாசனை காணாமல் போகும். அவர்களுக்கு டஸ்ட் என்னும் தூள் தேயிலை அல்லது ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புள்ளப் பக்கத்து பி.ஓ.பி.எஃப். அனுப்புங்கள். பைமேல் தோட்டம், தரம், பறித்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் காய்ந்த காற்றடிக்கும் காலம். நல்ல தேயிலை கிடைப்பதும் அப்போதுதான், பார்சல் நனையாமல் போவதும் அப்போதுதான். மாற்றிக்கொள்ளும் நாளை அதை வைத்தே குறியுங்கள்.

வீட்டில் காயவைத்த மிளகைக் கட்டுமுன் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். படக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, பைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஸ்ட்ராபெரி ஜாம் போத்தலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிப் பையில் போட்டு, பெட்டியின் நடுவில் வையுங்கள். சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டருக்குக் கசக்கிய பேப்பர் இருக்கட்டும். மூடியபின் பெட்டியைக் காதருகே ஆட்டுங்கள். சத்தம் வந்தால் பேப்பர் போதவில்லை.

கீழிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். யாழ்ப்பாணத்தில் காற்றோடு ஒட்டிய மோர் மிளகாய்ப் பை இங்கே ஊதிப்போய்த்தான் வரும், ஒட்டு பலவீனமென்றால் பிரிந்துவிடும். நல்லெண்ணெய்ப் போத்தலிலும் அப்படி உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம்தான் எண்ணெயை மூடிவழியே தள்ளுகிறது. பிளாஸ்டிக் போத்தலைச் சற்று அமுக்கிப் பிடித்துக்கொண்டே மூடுங்கள், விரிய இடம் கிடைக்கும். தேங்காயெண்ணெய் மேலே போகும்போது உறையும், கீழே இறங்கினால் உருகும். அதனால் இங்கே கட்டியாக இருக்கும் தைலத்தையும் தண்ணீர்ச் சாமானாக நினைத்தே கட்ட வேண்டும். பனங்கட்டிக் குட்டான் (ஓலைக் கூடையில் வரும் பனங்கட்டி) வந்தால் மேசையில் வைக்காதீர்கள், நம் ஈரக்காற்றில் ஒரே இரவில் கசியத் தொடங்கும். உடனே இறுக்கமான டின்னில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வையுங்கள்.

தீப்பெட்டி, லைட்டர், சென்ட் போத்தல், காசு எதுவும் வேண்டாம். வெளிநாட்டு நண்பருக்கென்றால் விதை, கிழங்கு, செடித் துண்டு எதையும் சேர்க்காதீர்கள், அங்கே சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

எப்போதும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் படமெடுத்து வட்டத்தை நடத்துகிறவருக்கு அன்றே அனுப்புங்கள். யாராவது கடைசி நாள்வரை ரசீது அனுப்பவில்லையென்றால், அடுத்தவர் வெறுங்கையோடு நிற்கக்கூடாது. அதற்காக நடத்துகிறவர் முன்பே ஒரு மாற்றுப் பார்சலைக் கட்டி வைத்திருக்க வேண்டும். நூறு கிராம் தேயிலை, ஐம்பது கிராம் மிளகு, கொஞ்சம் கராம்பு, ஒரு கடிதம். இவை மாதக்கணக்கில் கெடாது, விலாசத்தை மட்டும் எழுதி அன்றே தபாலில் சேர்த்துவிடலாம்.