கொலராடோவில் ஒரு தண்ணீர் டிஸ்ட்ரிக்ட் அமைத்தோம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்பு எந்த நகராட்சியிலும் சேராதது. பழைய குழாய்களை மாற்றப் பணம் திரட்ட வேண்டுமானால், வரி போடவும் கடன் பத்திரம் விடவும் அதிகாரமுள்ள தண்ணீர் டிஸ்ட்ரிக்ட் ஒன்று, அதாவது தண்ணீருக்கென்றே ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு, வேண்டும். அதை உருவாக்குவது கோர்ட் உத்தரவு. கோர்ட் என்றதுமே சிலர் கழன்றுகொண்டார்கள். உண்மையில் கோர்ட்டில்தான் வேலை குறைவு.

முதலில் சர்வீஸ் பிளானை, அதாவது டிஸ்ட்ரிக்ட் என்ன செய்யும், பணம் எப்படி வரும் என்று சொல்லும் திட்ட அறிக்கையை, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தின் கமிஷனர்கள் ஏற்க வேண்டும். தேவை இருக்கிறதா, கடனை அடைக்க வருமானம் வருமா என்றெல்லாம் குடைவது அவர்கள்தான். அவர்களுடைய தீர்மானம் இல்லாமல் கோர்ட் படி ஏற முடியாது.

அப்புறம் கோர்ட்டில் போடும் மனுவுக்குக் கையெழுத்து. தகுதியுள்ளவர்களில் 30 சதவீதம் அல்லது 200 பேர், எது குறைவோ அது. தகுதி என்றால், உள்ளே தன் பெயரிலோ கணவன், மனைவி பெயரிலோ சொத்து இருக்க வேண்டும். கொலராடோ வாக்காளராகவும் இருக்க வேண்டும். எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்குக் கிரீன் கார்டுதான், குடியுரிமை இல்லாததால் ஓட்டும் இல்லை. வருஷாவருஷம் சொத்து வரி கட்டுகிறார்கள், ஆனால் கையெழுத்துப் போட முடியாது. “வரி மட்டும் இனிக்குதாக்கும்” என்றார் அந்த அக்கா. மாநிலத் தலைநகர் டென்வரில் வாக்காளராக இருந்துகொண்டு இங்கே காலி மனை வைத்திருப்பவரோ தாராளமாகப் போடலாம்! வாக்காளர் பட்டியலையும் சொத்துப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம்.

மனுவோடு, டிஸ்ட்ரிக்ட் அமையாமல் போனால் வழக்குச் செலவை ஈடுகட்ட ஒரு பாண்டும் (பிணைப் பத்திரம்) கொடுக்க வேண்டும். மனுப் போட்டதிலிருந்து 20 நாளுக்குக் குறையாமல் 40 நாளுக்குள் விசாரணை வைக்கப்படும். பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். ‘என் நிலத்தை விட்டுவிடுங்கள்’ என்பவர்கள் விசாரணைக்கு 10 நாள் முன்பே மனுப் போட்டுவிட வேண்டும். சொந்தக் கிணறு வைத்திருந்த ஓரத்து வீட்டுக்காரர் அப்படிப் போட்டார், நீதிபதியும் விட்டுவிட்டார். சர்வேயர் எல்லையை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. கையெழுத்து, அறிவிப்பு, கமிஷனர் தீர்மானம் மூன்றையும் பார்த்துவிட்டு நீதிபதி தேர்தலுக்கு உத்தரவிட்டார். 1992-இல் வந்த டேபர் (TABOR) என்ற மாநில அரசியலமைப்புத் திருத்தத்தால் வாக்காளர் சம்மதிக்காமல் வரியும் கடனும் கிடையாது. அதனால் அந்தக் கேள்விகளையும் நவம்பர் வாக்குச்சீட்டிலேயே சேர்த்துவிட்டோம். பெரும்பான்மை கிடைத்தது, உத்தரவும் வந்தது. அதன்மேல் அப்பீல் கிடையாது. மாநில அட்டர்னி ஜெனரல் மட்டும் 30 நாளுக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம்.

கோர்ட் உத்தரவின் முத்திரையிட்ட நகல்களைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோதே எங்களிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.