கருவியை இயக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இயற்பியல் வகுப்புக்கு ஒரு கருவியை எடுத்துச் சென்றாலே மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்த ஆர்வம் புரிதலாக மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, செய்துகாட்டிய சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் புரிந்துகொண்டிருக்கவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்களே முன்னேறியிருந்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் கண்ட இந்த உண்மை பள்ளி வகுப்புகளுக்கும் பொருந்தும் என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

15 செ.மீ. குவியத்தொலைவு கொண்ட ஒரு குவிலென்சை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் 30 செ.மீ. தொலைவில் எரியும் மெழுகுவர்த்தியையும் மறுபக்கம் அதே தொலைவில் திரையையும் வைத்தால், சுடரின் அளவிலேயே தலைகீழான பிம்பம் விழும். இப்போது, லென்சின் மேல்பாதியை அட்டையால் மறைத்தால் திரையில் என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். பலரும் பாதிப் பிம்பம் மறைந்துவிடும் என்றே எழுதுவார்கள். இதை நோட்டில் எழுதச் சொல்வதே நல்லது. வாய்மொழியாகக் கேட்டால், முதலில் பேசுபவரின் விடையையே மற்றவர்களும் வழிமொழிந்துவிடுவார்கள்.

அட்டையை வைத்தபின் பிம்பம் முழுமையாகவே இருக்கிறது, ஒளி மட்டும் மங்குகிறது. சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி லென்சின் பரப்பு முழுவதிலும் விழுவதால், மீதிப் பாதியின் வழியே செல்லும் கதிர்களே எல்லாப் புள்ளிகளுக்கும் பிம்பத்தை உண்டாக்கிவிடுகின்றன. மாணவர்களின் தவறான கணிப்புக்கு நாம் கரும்பலகையில் வரையும் கதிர்ப்படமும் ஒரு காரணம். பொருளின் நுனியிலிருந்து இரண்டே கதிர்களை வரைந்து காட்டுவதால், ஒளி அந்த இரு வழிகளில் மட்டுமே செல்கிறது என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. படமும் ஒரு துணைக்கருவிதான். அது எதைக் காட்டாமல் விடுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சோதனைகளைத் திரையில் நிகழ்த்திக் காட்டும் கணினிப் பாவனைகள் மிகவும் பயனுள்ளவை. மின்புலக் கோடுகளைப் போலக் கண்ணால் காண முடியாதவற்றுக்கு அவற்றை விட்டால் வேறு நல்ல வழியில்லை. எனினும் தனி ஊசலைப் பாவனையில் மட்டும் காட்டி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1 மீட்டர் நீள ஊசல் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 வினாடிகள் எடுத்துக்கொள்ளும் என்று கணித்த குழுவுக்கு 38 வினாடிகளே கிடைத்தால், அவர்கள் காரணத்தைத் தேடத் தொடங்குவார்கள். குண்டை விட்ட கணத்தையே 'ஒன்று' என எண்ணியிருந்தால், அவர்கள் அளந்தது 19 அலைவுகளைத்தான். நூலை மட்டும் அளந்து குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்திருந்தாலோ, நேரம் கணிப்பைவிடச் சற்றுக் கூடியிருக்கும்.