வாசியில்லாத காசு

திருவீழிமிழலைக்குப் பெரும்பாலும் கல்யாண வேண்டுதலோடுதான் வருகிறார்கள். மூலவருக்குப் பின்னால் சுவாமியும் அம்பாளும் மணக்கோலத்தில் இருக்கும் தலம். பந்தக்கால், அரசாணிக்கால், நடுவே தூண் இல்லாமல் நிற்கும் வௌவால் நெத்தி மண்டபம் என்று பார்க்கவும் நிறைய உண்டு. எனக்கு அங்கே கால் நிற்கும் இடம் படிக்காசுப் பீடம். பூந்தோட்டத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். அன்று முதலில் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் திருப்புகலூர் உழவாரப் பணிக்கு, அதாவது கோயிலில் புல் பூண்டு செதுக்கிச் சுத்தம் செய்யும் வேலைக்கு, போனோம்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். நாட்டில் பஞ்சம். சம்பந்தரும் அப்பரும் அந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு மடம், இரண்டிலும் அடியார்களுக்குச் சோறு போடவேண்டும். தினம் ஒரு காசு தருகிறேன் என்று சுவாமி இருவர் கனவிலும் சொல்கிறார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒன்று, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒன்று. ஆனால் அப்பர் மடத்தில் நேரத்தோடு பந்தி நடக்கிறது, சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. என்ன என்று சம்பந்தர் விசாரித்தால், "நம் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்கிறார்கள், அப்பர் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள்" என்று பதில் வருகிறது. வாசி என்றால் காசை மாற்றும்போது பிடிக்கும் கழிவு, வட்டம் என்றும் சொல்வார்கள். அப்பர் கோயிலில் புல் செதுக்கிக் கைத்தொண்டு செய்பவர், அதனால் அவர் காசுக்கு வட்டம் பிடிப்பதில்லை என்கிறது பெரியபுராணம். அதன்பிறகு சம்பந்தர் பாடியதுதான் "வாசி தீரவே காசு நல்குவீர்".

பாட்டைவிட உடலுழைப்பு உசத்தி என்று இந்தக் கதைக்கு வழக்கமாகப் பொருள் சொல்வார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. சம்பந்தருக்குக் காசின் மதிப்பு குறைந்ததில் வருத்தம் இல்லை, அடியார்கள் இலை முன்னால் காத்துக்கிடக்கிறார்களே என்பதுதான் கவலை. நல்ல காசு கேட்டு அவர் பாடிய பாட்டும் அடுத்தவர் வயிற்றுக்காகத்தான். அப்பர் காசும் சம்பந்தர் காசும் கடைசியில் அரிசியாகி யாரோ ஒருவர் இலையில்தான் விழுந்தன.

திருப்புகலூர், நன்னிலம்–நாகப்பட்டினம் சாலையில் இருக்கிறது. கோயிலை அகழி மாதிரிச் சூழ்ந்து அக்னி தீர்த்தம். கார்த்திகை மழை ஓய்ந்த சமயம் என்பதால் வெளிப் பிராகாரம் முழுக்கப் பச்சை: கோரை, நாயுருவி, மூக்கிரட்டை, மதிலோரம் எருக்கு. எங்கள் குழுவுக்குப் பெயர்ப்பலகையெல்லாம் கிடையாது. மளிகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர், கொத்தனார், லாரி டிரைவர், கல்லூரிப் பையன்கள் என்று கலவையான கூட்டம். வயசு பார்க்காமல் எல்லோரும் எல்லோரையும் 'ஐயா', 'அம்மா' என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது ஒரே விதி. பத்தொன்பது வயசுப் பையனைக் கடைக்காரர் "ஐயா, அந்தப் பாண்டை இப்படித் தள்ளுங்க" என்பார். 'சிவாயநம' என்றால் வணக்கம், சரி, போதும், இன்னும் கொஞ்சம் சாம்பார் என்று இடத்துக்கு ஏற்ப எல்லாமும்.

அந்த விதிக்கு அடங்காதவர் ஒரே ஒரு அம்மாள். ஆயுள் முழுக்க நடவும் களையும் பார்த்தவர். அவருக்கு எல்லோரும் தம்பிதான். நான் கோரையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார்.

"இழுக்காதீங்க தம்பி. கெல்லி எடுங்க. மேல உள்ளது கையோட வந்துடும், கெழங்கு உள்ளயே கெடக்கும். ஒரு வாரத்துல திரும்பி வந்து நிக்கும் பாருங்க."

களைக்கொத்தியின் முனையைச் சரித்து மண்ணுக்குள் விட்டு, ஒரு நெம்பு. கறுத்த சின்னக் கிழங்கு, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர், அந்த நூலின் மறுமுனையில் இன்னொரு கிழங்கு. அதையும் விடாமல் தொடர்ந்து போய் எடுத்தார். முந்தானையில் மண்ணைத் துடைத்து என்னிடம் காட்டிவிட்டுப் பாண்டில் போட்டார். அதன்பிறகு என் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்துப் பையன் இருபதடி முன்னேறியபோது நான் நாலடி தாண்டவில்லை. ஆரம்பத்தில் அது கொஞ்சம் உறுத்தியது. இடுப்பு வலி வந்ததும் யார் எவ்வளவு தூரம் என்ற கணக்கு தானாக விட்டுப்போனது. பக்தியெல்லாம் காரணமில்லை, அடுத்த கிழங்கைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாத நிலை. தியான வகுப்பில் மூச்சை எண்ணச் சொல்லி உட்காரவைத்தபோதும் என் மனம் இப்படி அடங்கியதில்லை.

எல்லாவற்றையும் பிடுங்குவதும் பணி ஆகாது. மதிலில் ஓர் அரசங்கன்று விரற்கடைப் பருமனுக்கு வளர்ந்திருந்தது. ஒரு பையன் கடப்பாரையோடு போனான். கொத்தனார் தடுத்துவிட்டார். "வேர் உள்ள எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு தெரியாம இழுத்தா கல்லும் கூடவே வந்துடும்யா." வெளியே தெரிந்ததை மட்டும் அறுத்தோம், மிச்சத்தை அலுவலகத்தில் சொல்லி, தெரிந்த ஸ்தபதியை வைத்துப் பார்க்கச் சொன்னோம். கல்வெட்டு இருக்கும் சுவரில் கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது. மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்கிறோம் என்று எத்தனையோ கோயில்களில் எழுத்தும் சிற்பமும் மழுங்கிப்போனது ஊரறிந்த சங்கதி. நல்லெண்ணம் மட்டும் இருந்து பொறுமை இல்லாவிட்டால் களையைவிட நாம்தான் கோயிலுக்குக் கெடுதல். அனுமதி வாங்காமல் யாரும் கருவியைத் தொடவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதே பிராகாரத்தில்தான் அப்பர் தம் கடைசிக் காலத்தில் புல் செதுக்கும் உழவாரக் கருவியோடு இருந்தார். புல்லைச் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் வந்தனவாம். பருக்கைக்கல்லோடு அவற்றையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். சித்திரைச் சதயத்தில் இங்கேயே இறைவனோடு கலந்தார்.

சுந்தரர் கதையும் இதே கோயிலில்தான். திருவாரூர் பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் வேண்டி இங்கே வந்தார், செங்கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினார், விழித்தபோது செங்கல் பொன்னாகியிருந்தது. அதனால்தான் வீடு கட்டப்போகிறவர்கள் இன்றும் இங்கே செங்கல் வைத்துப் பூஜை செய்து எடுத்துப்போகிறார்கள். செங்கல்லோடு வந்திருந்த ஒரு புதுமணத் தம்பதி எங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் துடைப்பம் பிடித்தார்கள். கேட்டு வந்த பொன்னை எடுத்துப்போனவரும் கேளாமல் வந்த பொன்னை எறிந்தவரும் ஒரே சந்நிதியில் கும்பிட்டவர்கள். சுந்தரர் கேட்டதும் தமக்காக இல்லையே, ஊர்த் திருவிழாவுக்கு.

அம்பாள் கருந்தார்குழலிக்கும் ஒரு கதை உண்டு. பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்கு அவளே மருத்துவச்சியாக வந்து பேறு பார்த்தாளாம். அதனால் சூலிகாம்பாள் என்றும் பெயர். தெய்வம் வரம் கொடுத்த கதைகள் ஆயிரம் கேட்டிருப்போம். இவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வெந்நீர் வைத்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடித்திருக்கிறது. டீச்சர் அம்மா அந்தச் சந்நிதி வாசலில் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பச்சரிசி மாவைத் தூவி, ஊறவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற வரி எங்களில் பாதிப்பேர் பனியன் முதுகில் அச்சாகியிருக்கிறது. அப்பர் அதைத் திருக்கடம்பூரில் பாடினார். அதற்கு முந்தைய அடி "தன் கடன் அடியேனையும் தாங்குதல்". அந்த அடியை யாரும் அச்சடிப்பதில்லை. பனியனில் இடம் போதவில்லையோ என்னவோ. சுமப்பது நாமில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. குழுவின் வாட்ஸப்பில் 'முன்', 'பின்' படங்கள் போடுவதைச் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. புதிதாக வந்த பையன்களில் பலர் அந்தப் படம் பார்த்து வந்தவர்கள்.

மதியம் சாம்பார், கோஸ் பொரியல், ரசம், மோர். பரிமாறியவர்களுக்குக் கடைசிப் பந்தி. அப்புறம்தான் கவனித்தேன், நாங்கள் வேலை முடிப்பதற்குள் நடை சாத்தியிருந்தார்கள். இனி மாலையில்தான் தரிசனம். பலர் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். லாரி டிரைவர் மட்டும் கருவிகளைக் கழுவிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி பாக்காமலா கெளம்புறீங்க ஐயா?"

"நாலு மணிக்கு நாகப்பட்டினத்துல லோடு ஏத்தணும். அடுத்த மாசம் திருச்சேறைதானே, அங்க பாத்துக்கறேன். ஒரு களைக்கொத்தி குறையுது, அந்த அம்மாகிட்ட இருக்கான்னு கேளுங்க."

அவரிடம்தான் இருந்தது. இன்னும் கெல்லிக்கொண்டிருந்தார்.