மார்கழி நாட்குறிப்பு: தனிக்கு விட்டதும் எழுந்து போறவங்க

டிசம்பர் 17

மத்தியான ஸ்லாட், டிக்கெட் கிடையாது, பாடினது ஒரு சின்னப் பொண்ணு, மிருதங்கமும் ஒரு பொண்ணு தான். தோடி ராகம் நல்லா விஸ்தாரமா போச்சு, தனிக்கு (பாட்டை நிறுத்திட்டு மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனம்) விட்டதும் வழக்கம் போல பாதி ஹால் கேன்டீனுக்கு எழுந்துச்சு. அது யாரு வாசிச்சாலும் நடக்கறது தான். ஆனா பக்கத்து சீட் மாமா எழுந்துக்கிட்டே சொன்னது இன்னும் மனசுல குடையுது: "குரல் தேனா இருக்கும்மா, ஆனா தனியெல்லாம் பொம்பளைங்களுக்கு சரிப்படாது, கை வலு பத்தாது." அந்தப் பொண்ணு அப்போ தான் முதல் சொல்லே எடுத்திருந்தா. அப்புறம் மூணு மூணா எண்ணற திஸ்ர நடைக்கு மாறி, மிருதங்கத்தோட இடது பக்கமான தொப்பியில கும்கியை (கையைத் தேய்ச்சு வர்ற நாதம்) இழுத்து இழுத்து வாசிச்சு, முடிக்கப் போறோம்னு சொல்ற மோரா வச்சு, கோர்வைங்கற முடிவுக் கணக்கு மூணு தடவையும் எடுப்புக்கு (பாட்டு ஆரம்பிக்கற இடம்) பிசகாம வந்து விழுந்துச்சு. மாமா அப்போ போண்டா க்யூவுல நின்னிருப்பார். கேட்டுட்டு நல்லா இல்லைன்னு சொன்னா அது விமர்சனம், கேக்காமலே சொன்னா அதுக்கு என்ன பேரு?

டிசம்பர் 19

அண்ணன் பொண்ணு மிருதங்கம் கத்துக்கறா. இன்னிக்கு வீட்டுக்கு வந்திருந்தா, ரவையைத் தண்ணி விட்டு குழைச்சு தொப்பி நடுவுல அப்பி, கட்டை விரலால ஓரத்தைத் தேய்ச்சு தேய்ச்சு, தட்டிப் பாத்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி அப்பி, அந்த 'தொம்' சரியா வர்ற வரைக்கும் விடவே இல்ல. "அத்தை, ஏன் எங்க கிளாஸ்ல பொண்ணுங்களை எல்லாம் லேடீஸ் பாட்டுக்கு மட்டும் வாசிக்க அனுப்பறாங்க"ன்னு கேட்டா.

இதுக்கு காலம் காலமா சொல்ற காரணம் சுருதி. ஆம்பளைங்க ஒரு கட்டை ஒன்றரை கட்டையில (கட்டைங்கறது சுருதியோட அளவு) பாடுவாங்க, அதுக்கு பெரிய மிருதங்கம், தக்கு, அதாவது தாழ்ந்த சுருதி, நாதம் கும்முன்னு இருக்கும். பொம்பளைங்க அஞ்சு அஞ்சரை, அதுக்கு சின்ன மிருதங்கம், ஹெச்சு, அதாவது உயர்ந்த சுருதி, அதுல நாதம் பத்தாதுன்னு. வாத்தியம் வேற மாதிரி பேசுதுங்கறது நிஜம் தான், நான் மறுக்கல. ஆனா மைக் இல்லாத காலத்து நாடக மேடையில பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா எவ்வளவு ஹெச்சு சுருதியில பாடினார், அப்போ சுருதி ஏறினா அது பெருமை. பொம்பளை பாடினா மட்டும் அதே சுருதி பக்கவாத்தியத்துக்கு இடைஞ்சலா?

பாலக்காடு மணி ஐயர் மாதிரி ஒரு மிருதங்க மகா மேதை ரொம்ப காலம் பெண்கள் கச்சேரிக்கு வாசிக்கவே இல்ல. பின்னாடி பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசிச்சார், அவர் மக பட்டம்மாள் வீட்டுக்கு மருமகளா போனாங்க. அவர் வாசிப்பைக் கேட்டா எனக்கு இன்னிக்கும் கண் கலங்கும், அதனால தான் இதை எழுதவே கஷ்டமா இருக்கு. சம்பந்தி ஆகாத மத்த பாடகிகளோட கச்சேரிங்க பெரும்பாலும் அந்த கை இல்லாமலே போச்சே.

டிசம்பர் 22

கை வலுவைப் பத்தி இன்னும் கொஞ்சம். மானாமதுரை கடம்னா (தாளத்துக்கு வாசிக்கற மண்பானை) உலகத்துக்கே தெரியும். அதை செய்யறதுல பேர் வாங்கினவங்க மீனாட்சி கேசவன், சங்கீத நாடக அகாடமி விருதே வாங்கினவங்க. பச்சைப் பானைக்கு உள்ள ஒரு கல்லைப் பிடிச்சுக்கிட்டு வெளியே மரத்தட்டால தட்டித் தட்டி, சுவர் எல்லா பக்கமும் ஒரே கனமா வர்ற வரைக்கும் தட்டணும், ஒரு இடம் தடிச்சாலும் நாதம் போச்சு. வித்வான் விரல் படறதுக்கு முன்னாடி அந்த கடத்தை ஆயிரக்கணக்கா அடிச்சது ஒரு பொம்பளை கை. அதுக்கு வலு பத்துச்சு, மேடையில மடியில வச்சு வாசிக்க மட்டும் பத்தாதாம்.

சுகன்யா ராம்கோபால் அந்த மடியில வச்சு வாசிக்கற இடத்துக்கு வந்தவங்க. கட வித்வான் விக்கு விநாயக்ராம் கிட்டயும் அவரோட அப்பா ஹரிஹர சர்மா கிட்டயும் கத்துக்கிட்டு, வேற வேற சுருதியில பல கடங்களை வச்சு வாசிக்கற கடதரங்கமும் பண்ணி, முழுக்க பெண்களே வாசிக்கற குழுவும் வச்சாங்க. அப்படி ஒரு குழு தேவைப்பட்டுச்சுங்கறதை நினைச்சா சந்தோஷமும் வருது கோவமும் வருது.

டிசம்பர் 28

ராத்திரி பட்டம்மாள் ரெக்கார்டிங் ஒண்ணு போட்டு உக்காந்தேன், ராகம் தானம் பல்லவி (ஒரே ஒரு வரியை தாளக் கணக்கோட விரிச்சுப் பாடறது). காஞ்சிபுரத்துல நயினா பிள்ளை கச்சேரியைக் கேட்டு வளந்தவங்க, லயத்துல அவர் புலி. பல்லவி ஆம்பளை சமாசாரம்னு இருந்த காலத்துல கணக்கை வாயால பாடி தாளத்தை கையால போட்டு நிரூபிச்சாங்க, "பல்லவி பட்டம்மாள்"னே பேர் வந்துச்சு. இந்தப் பட்டத்துலயும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, ஆம்பளை பல்லவி பாடினா அது கச்சேரியில ஒரு அங்கம், இவங்க பாடினா பேருக்கு முன்னாடி போட்டு சொல்ற அளவுக்கு அதிசயம்.

சென்னை மியூசிக் அகாடமி 1928-ல ஆரம்பிச்சது, அவங்க குடுக்கற பெரிய பட்டமான சங்கீத கலாநிதியை வாங்கின முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1968-ல. பட்டம்மாளுக்கு 1970. வீணை தனம்மாள் 1938-லயே போயிட்டாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டு வீணையைக் கேக்க பெரிய பெரிய வித்வான்களே போய் உக்காந்தாங்க. வீட்டுக்குள்ள குரு, மேடைக்கு வந்தா கடைசி வரிசைன்னா அது எப்படி?

ஜனவரி 2

ஒரு கச்சேரியைப் பத்தி வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு. பாடகியோட புடவை பார்டர், மல்லிப்பூ, "மேடையில பாந்தமா இருந்தாங்க", இதுலயே போச்சு. அன்னிக்கு அவங்க பாடின கல்யாணி ராகத்தோட நிரவலைப் (ஒரு வரியை மாத்தி மாத்தி விரிச்சுப் பாடறது) பத்தி ஒரு வரி இல்ல. அதே குரூப் அடுத்த நாள் பாடினவரோட ஸ்வரக் கணக்கை பொருத்தம் வரைக்கும் எழுதி வச்சு அலசுச்சு. ரெண்டு பேரும் ஒரே சபாவுல தான் பாடினாங்க.

இது சங்கீதத்துல மட்டும் இல்ல. முத்துப்பழனி, 18-ம் நூற்றாண்டுல தஞ்சாவூர் மராட்டிய அரசவையில இருந்த தேவதாசி, தெலுங்குல ராதிகா சாந்த்வனம்னு ஒரு காவியம் எழுதினாங்க. அதை பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா தேடிப் பிடிச்சு 1910-ல முழுசா அச்சு போட்டாங்க, அடுத்த வருஷமே ஆபாசம்னு அரசாங்கம் கை வச்சுச்சு, தடை நீங்க சுதந்திரம் வரைக்கும் ஆச்சு. இதை விட பச்சையா ஆம்பளைப் புலவருங்க எழுதினது காவியம்னு இருக்கே, ஒரு பெண் எழுதினா மட்டும் ஏன் கூசுதுன்னு நாகரத்தினம்மா அப்போவே கேட்டாங்க.

ஜனவரி 5

திருவையாறுல வருஷா வருஷம் நடக்கற தியாகராஜ ஆராதனை நெருங்குது, அதனால நாகரத்தினம்மா நினைப்பாவே இருக்கு. திருவையாறுல தியாகராஜர் சமாதி கேப்பாரில்லாம கிடந்தப்போ தன் நகை, சேமிப்பு எல்லாம் போட்டு கோயில் எழுப்பினாங்க, 1926-ல கும்பாபிஷேகம். ஆராதனை நடத்தின வித்வான்கள் பெரிய கட்சி, சின்ன கட்சின்னு ரெண்டு கோஷ்டியா இருந்தாங்க, ரெண்டும் பொம்பளைங்களைப் பாட விடல. கட்டினவங்களுக்கே பாட இடம் இல்ல! அவங்க அழுதுக்கிட்டு ஊருக்குத் திரும்பல, பெண்களைத் திரட்டி தனியா ஒரு கட்சி ஆரம்பிச்சு கோயிலுக்குப் பின்னாடி பாட வச்சாங்க. 1940-கள் தொடக்கத்துல தான் எல்லாம் ஒண்ணாச்சு. டிவியில பஞ்சரத்னம் (தியாகராஜரோட அஞ்சு கீர்த்தனை) போடறப்போ ஆம்பளைங்க ஒரு பக்கமும் பொம்பளைங்க ஒரு பக்கமும் உக்காந்து பாடறதை பாக்கறோமே, அந்தப் பக்கம் சும்மா கிடைச்சது இல்ல.

அண்ணன் பொண்ணுக்கு இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ அங்க தனி ஆவர்த்தனம் யாரு வாசிச்சாங்க அத்தை"ன்னு கேட்டா. பதினாறாம் தேதி அவ ஒரு பையன் பாட்டுக்கு வாசிக்கறா, ஒன்றரை கட்டை, பெரிய மிருதங்கம் கடன் வாங்கியிருக்கா. மைலாப்பூர் பக்கம் இருக்கறவங்க வாங்க, காபியை முன்னாடியே குடிச்சுட்டு வந்துடுங்க.